‘தொழில்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

கடன் விண்ணப்பப் படிவத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றுக்குக் கீழே ‘தொழில்’ என்றொரு கட்டம் இருக்கும். விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கட்டத்தில் ஒருவருடைய உழைப்பு முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கிவிட வேண்டும். விவசாயி, கூலி, வியாபாரி, இல்லத்தரசி என்று நாங்களும் பழக்கத்தின் வேகத்தில் எழுதிவிடுவோம். அந்த ஒரு சொல் தவறினால் என்ன நேரும் என்பதை எனக்குக் கற்பித்தவர்கள் இருவர். ஒருவர், கர்நாடகத்தின் தெற்கே ஒரு கிராமத்தில் வாழும் பெண்மணி. மற்றவர், மேற்கு ஆப்பிரிக்காவின் கொக்கோ தோட்டங்களில் பல்லாண்டுகள் நடந்து திரிந்த ஒரு பேராய்வாளர்.

முதலில் அந்தப் பெண்மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கிராமக் கிளையில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதை நெருங்கிய ஓர் அம்மையார் நாற்பதாயிரம் ரூபாய் கடன் கேட்டு வந்தார். நிலம் கணவர் பெயரில் இருந்தது. அதுவும் மிகச் சிறிது. படிவத்தை நிரப்பிக் கொடுத்த எங்கள் ஊழியர் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தார். வருமானத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. வருமானம் இல்லாதவருக்குக் கடன் வழங்க வழியில்லை என்று குறிப்பெழுதி, விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினேன். விதிப்படி நான் செய்தது சரி என்றே அன்று நம்பினேன்.

தை மாதத்தில் நிலுவைக் கடன் வசூலுக்காக அவருடைய ஊர்ப்பக்கம் போக நேர்ந்தது. சாலையோரம் வரிசையாகப் புளிய மரங்கள். மரத்தின் மேல் ஆட்கள் கிளைகளை உலுக்கிக்கொண்டிருந்தனர். கீழே பெண்கள் பழங்களைக் கூடையில் பொறுக்கினர். சற்றுத் தள்ளி ஒரு களத்தில் இன்னும் சிலர் ஓடு நீக்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தனர். எல்லோருக்கும் வேலை சொல்லிக்கொண்டு நடுவில் நின்றவர் அந்த அம்மையார். காய் பிடிக்கும் பருவத்திலேயே மரத்தைப் பார்த்து, எத்தனை மூட்டை தேறும் என்று கண்ணால் மதிப்பிட்டு, உரிமையாளருக்கு முன்பணம் கொடுத்துக் குத்தகைக்கு எடுப்பது அவருடைய தொழில். பதினான்கு ஆண்டுகளாகச் செய்துவருகிறாராம்.

“இதை வங்கியில் ஏனம்மா சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“என்ன வேலை செய்யறேன்னு யாரும் கேக்கலையே சார். வீட்டுக்காரர் பேரு கேட்டாங்க, நெலம் இருக்கான்னு கேட்டாங்க. அவ்வளவுதான்” என்றார்.

எங்களிடம் கிடைக்காத நாற்பதாயிரத்தை அவர் வெளியில், நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டியில் வாங்கியிருந்தார். ஐந்து மாதத்துக்கு வட்டி மட்டும் பத்தாயிரம் ரூபாய். ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்று நாங்கள் கொடுத்திருந்தால் இரண்டாயிரம்தான் ஆகியிருக்கும். படிவத்தில் எழுதிய ஒரு சொல்லின் விலை எட்டாயிரம் ரூபாய். அதைக் கொடுத்தவர் அவர்.

கெய்ன்ஸின் மருமகள்

சில ஆண்டுகள் கழித்து எங்கள் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் பாலி ஹில் எழுதிய நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. பாலி ஹில் என்றதும் மும்பையில் திரைப்பட நடிகர்கள் வாழும் குன்று சிலருக்கு நினைவுக்கு வரலாம். நான் சொல்வது 1914 முதல் 2005 வரை வாழ்ந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணியை. தந்தை ஏ. வி. ஹில், உடலியலுக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர். தாயாரின் உடன்பிறந்தவர்தான், வணிகவியல் பயின்ற எவரும் மறக்கவியலாத ஜான் மேனார்டு கெய்ன்ஸ்.

இந்தத் தாய்மாமனையும் மருமகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சுவையானது. கெய்ன்ஸின் முதல் நூல் 1913-இல் வெளிவந்த ‘இந்திய நாணயமும் நிதியும்’. அதற்கு முன் லண்டனில் இந்திய விவகார அலுவலகத்தில் சிறிது காலம் பணியாற்றியவர் அவர். இந்தியாவுக்கு ஒரு மத்திய வங்கி வேண்டும் என்று அந்நாளிலேயே திட்டம் வரைந்தவர். ஆயினும் அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்திய மண்ணை மிதித்ததில்லை. மருமகளோ கேம்பிரிட்ஜில் பொருளியல் பயின்று, பிரிட்டிஷ் அரசுப் பணியிலும் இதழியலிலும் சில காலம் இருந்துவிட்டு, 1950-களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். இன்று கானா எனப்படும் அந்நாடு அப்போது கோல்ட் கோஸ்ட் என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆய்வாளராகச் சேர்ந்தார். 1957-இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் அங்கேயே தம் பணியைத் தொடர்ந்தார்.

யார் இந்தக் கொக்கோ விவசாயிகள்?

அவர் எடுத்துக்கொண்ட பொருள் கொக்கோ. நாம் உண்ணும் சாக்லேட்டின் மூலப்பொருள். கொக்கோ ஆப்பிரிக்காவின் சொந்தப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1879-இல் டெட்டே குவாஷி என்ற தொழிலாளி பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதைகளைக் கொண்டுவந்து பயிரிட்டதை அந்நாட்டவர் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர். 1891-இல் அங்கிருந்து ஏற்றுமதியான கொக்கோ வெறும் 80 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36 கிலோ. இருபதே ஆண்டுகளில், 1911-இல், அது சுமார் 40,000 டன்னாக உயர்ந்தது. உலகிலேயே மிகுதியாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாக கோல்ட் கோஸ்ட் மாறியது. இதை நிகழ்த்தியவர்கள் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் அல்லர். உள்ளூர் ஆப்பிரிக்க விவசாயிகள்.

இத்தகைய வளர்ச்சியைக் காலனி அலுவலர்கள் எவ்வாறு விளக்கினர் என்பதுதான் வியப்புக்குரியது. தங்கள் ஊரைவிட்டு நகராத சிறு குடியானவர்கள், உணவுப் பயிர்களுக்கு நடுவே கொஞ்சம் கொக்கோவையும் நட்டு வைத்தார்கள், விளைந்துவிட்டது. கோப்புகளில் இருந்த விளக்கம் ஏறக்குறைய இதுதான். அவர்களுக்கு முதலீடு தெரியாது, திட்டமிடத் தெரியாது, கடன் வாங்கினால் அது ஊதாரித்தனம். நிலமோ வழக்கப்படி குலத்தின் பொதுச்சொத்து. அதை விற்கவும் வாங்கவும் இயலாது. ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘குடியானவர்’ என்ற ஒரு சொல்லை எழுதி, அத்துடன் கோப்பை மூடிவிட்டார்கள்.

பாலி ஹில்லும் அதே எண்ணத்துடன்தான் பணியைத் தொடங்கினார். ஆனால் அவர் முதியவர்களைத் தேடிச் சென்று கேட்டார். இந்தத் தோட்டம் எப்போது வந்தது, யாரிடம் வாங்கியது, பணம் எங்கிருந்து வந்தது, எத்தனை பேர் சேர்ந்து வாங்கினீர்கள் என்று கேட்டார். தோட்டங்களைச் சுற்றி நடந்தார். வேளாண் துறையிடம் இருந்த தோட்ட வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த வரைபடங்களில் நிலம் நீண்ட நீண்ட பட்டைகளாகப் பிரிந்து கிடந்தது. ஏன் அப்படி என்று அதுவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கயிற்றால் அளந்த பங்குகள்

அவர் கண்டறிந்ததை 1963-இல் வெளியான ‘தென் கானாவின் புலம்பெயர் கொக்கோ விவசாயிகள்’ என்ற நூலில் விரிவாக எழுதினார். ‘கிராமப்புற முதலாளித்துவம் பற்றிய ஓர் ஆய்வு’ என்பது அதன் துணைத்தலைப்பு. கொக்கோவை வளர்த்தவர்கள் ஊரைவிட்டு நகராதவர்கள் அல்லர். அக்ரா நகருக்கு வடக்கே உள்ள அக்வாப்பிம் மலைமுகட்டு ஊர்களிலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் 1890-கள் முதல் கூட்டங்கூட்டமாக மேற்கு நோக்கிப் போனவர்கள். டென்சு ஆற்றைக் கடந்து, அக்கிம் அபுவாக்வா பகுதியின் தலைவர்களிடம், ஆள் நடமாட்டம் குறைந்த காட்டு நிலத்தை விலைக்கு வாங்கினர். பனை எண்ணெயிலும் ரப்பரிலும் முன்பே ஈட்டிய பணம் முதலாயிற்று. முதல் தோட்டத்தின் வருவாய் அடுத்த நிலத்துக்குப் போனது. அப்போதைய தேவைக்கு மட்டுமின்றி, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆகும் என்று கணக்கிட்டு அவர்கள் நிலம் வாங்கினர்.

அதைவிடச் சிறப்பானது, எந்தச் சமூகம் எவ்வாறு வாங்கியது என்பது. குரோபோ முதலிய சமூகங்களில் சொத்து தந்தை வழியில் பிள்ளைகளுக்குச் செல்லும். இவர்கள் நண்பர்களும் அறிமுகமானவர்களுமாகச் சேர்ந்து ஒரு குழு அமைத்தனர். அதற்கு அவர்களே வைத்த பெயர் ‘கம்பெனி’! குழுவின் தலைவர் விலை பேசுவார். தொகையைத் தவணைகளில் கட்டுவார்கள். நிலம் கைக்கு வந்ததும் அதன் ஒரு பக்க எல்லையில் கயிறு பிடித்து, அவரவர் கொடுத்த பணத்துக்கு ஏற்ற அகலத்தில் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொள்வார்கள். வரைபடத்தில் தெரிந்த நீண்ட பட்டைகளின் இரகசியம் இதுதான். பிரித்த பின் ஒவ்வொரு பட்டையும் அவரவர் தனிச்சொத்து. பேரம் பேச ஒற்றுமை, பயிர்செய்யத் தனியுரிமை. நம் ஊர்களில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மனையை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

தாய்வழிச் சொத்துரிமை உள்ள அபுரி முதலிய ஊர்களின் மக்களோ கம்பெனி முறையை நாடவில்லை. ஒருவர் நிலத்தை வாங்கி, அதில் தம் தாய்வழி உறவினர்க்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அங்கே நிலம் பட்டைகளாக இல்லாமல் ஒழுங்கற்ற துண்டுகளாகப் பிரிந்தது. இரு முறைகளிலும் கொக்கோ நன்றாகவே விளைந்தது. பழைய வழக்கங்கள் முதலீட்டுக்குக் குறுக்கே நிற்கும் என்பதுதான் அக்காலப் பொதுக் கருத்து. உண்மையில் அந்த வழக்கங்களே முதலீட்டின் கருவிகளாக அமைந்தன. ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும் என்றபோது, விவசாயிகளே பணம் திரட்டி ஒப்பந்ததாரர்களைக் கொண்டு கட்டுவித்த செய்தியையும் ஹில் பதிவுசெய்கிறார்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான ஆய்வு உண்டு. நகரத்தார்களின் வங்கித்தொழிலைப் பற்றி டேவிட் ரட்னர் 1994-இல் வெளியிட்ட நூல், கோயில், திருமணம், குலம் ஆகிய அமைப்புகளே அவர்களுடைய கடன் வணிகத்துக்கு அடித்தளமாக இருந்ததை விளக்குகிறது. இத்தகைய சமூகக் கட்டுக்கோப்புக்கு மறுபக்கமும் உண்டு என்பதை மறந்துவிடலாகாது. உறவும் குலமும் உள்ளவருக்கு எளிதில் கிடைக்கும் முதல், அவை இல்லாதவருக்குக் கிடைப்பதில்லை. புளிய மரத்தடி அம்மையாருக்குப் பின்னால் ‘கம்பெனி’ எதுவும் இருக்கவில்லை. அத்தகையவர்க்காகத்தான் வங்கி.

கதவுக்குப் பின்னால் ஒரு சந்தை

பாலி ஹில் பின்னர் வட நைஜீரியாவின் ஹௌசா மக்களிடையே ஆய்வு செய்தார். பட்டகராவா என்ற ஊரில் சந்தையே இல்லை. மணமான பெண்கள் சமய வழக்கப்படி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர் அவர்கள் அனைவரையும் ‘இல்லத்தரசி’ என்றே எழுதியிருப்பார். ஆனால் தானியமும் நிலக்கடலையும் சமைத்த உணவும் வீட்டுக்கு வீடு விற்பனையாகிக்கொண்டிருந்தன. விற்றவர்கள் அந்தப் பெண்கள். பொருளையும் பணத்தையும் சுமந்து சென்றவர்கள் குழந்தைகள். விலை மலிந்த காலத்தில் வாங்கி, ஏறும் காலத்தில் விற்கும் பெண்களும் இருந்தனர். 1969-இல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘மறைந்திருக்கும் வணிகம்’ என்னும் பொருள்படுவது. அதைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து அவர் நம் நாட்டுக்கு வந்தார். 1970-களின் பிற்பகுதியில், பெங்களூருக்குத் தெற்கே, தமிழக எல்லையை ஒட்டிய ஆனேக்கல் வட்டத்தின் கேழ்வரகு விளையும் சிற்றூர்களில் ஆய்வு நடத்தினார். ஹௌசா ஊர்களையும் இவ்வூர்களையும் ஒப்பிட்டு 1982-இல் ஒரு நூல் எழுதினார். இந்தியாவைக் காணாமலே அதன் நாணயத்தைப் பற்றி எழுதிய மாமனின் மருமகள், அறுபது வயதைத் தாண்டிய பின் கர்நாடகக் கிராமத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த அனுபவங்களின் சாரத்தை 1986-இல் வெளிவந்த ‘வளர்ச்சிப் பொருளியல் குற்றவாளிக் கூண்டில்’ என்ற பொருள்படும் நூலில் வைத்தார். கிராமத்து மக்கள் அனைவரையும் ‘குடியானவர்’ என்று ஒரே சொல்லில் அழைப்பதை அவர் ஏற்கவில்லை. சராசரிக் கணக்குகளையும் அவர் நம்பவில்லை. ஓர் ஊரில் ஒருவருக்குப் பத்து ஏக்கர், ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை என்றால் சராசரி ஓர் ஏக்கர். அந்த ஓர் ஏக்கர்க்காரர் அவ்வூரில் எங்குமே இல்லை. ஆயினும் திட்டங்கள் அவருக்காகவே தீட்டப்படுகின்றன.

வங்கியாளர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது, கடன்பட்டிருப்பதன் தேவை பற்றி அந்நூலில் வரும் அத்தியாயம். கிராமத்தில் கடன் என்றால் துயரம், கடன் கொடுப்பவர் என்றால் வெளியிலிருந்து வந்த வட்டிக்காரர் என்பது நெடுங்காலமாக நிலவும் எண்ணம். ஒரே மனிதர் ஒருவரிடம் கடன் வாங்கி இன்னொருவருக்குக் கடன் கொடுப்பதும், வசதியானவர்களே மிகுதியாகக் கடன் வாங்குவதும் கிராமத்தின் இயல்பு என்று அவர் காட்டினார். நம் ரிசர்வ் வங்கி 1951-52-இல் நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்விலும் இதற்கொரு சான்று உண்டு. விவசாயிகள் பெற்ற கடனில் வணிக வங்கிகளின் பங்கு 0.9 சதவீதம்; கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம். தொழில்முறை வட்டிக்காரர்கள் 44.8 சதவீதம் கொடுத்தனர். விவசாயம் செய்துகொண்டே வட்டிக்கும் கொடுத்தவர்கள் 24.9 சதவீதம். ஏறத்தாழக் கால் பங்குக் கடன், மற்றொரு விவசாயியிடமிருந்தே வந்திருக்கிறது.

எவருடைய கண்ணால் பார்ப்பது?

ஆட்சி செய்தவர் விட்டுச்சென்ற பார்வையிலிருந்து ஆய்வை விடுவிக்க வேண்டும் என்ற குரல் இன்று பல்கலைக்கழகங்களில் ஓங்கி ஒலிக்கிறது. நியூசிலாந்தின் மாவோரி அறிஞர் லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999-இல் எழுதிய நூல் இத்துறையில் புகழ்பெற்றது. அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1966-இல், மண்ணின் பொருளியலுக்காக ஒரு வேண்டுகோள் என்ற பொருளில் பாலி ஹில் கட்டுரை எழுதினார். மக்கள் தம் தொழிலைத் தாமே எவ்வாறு அமைத்துக்கொள்கிறார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும்; கோட்பாடு அதன் பிறகு வரட்டும் என்பதே அவர் வேண்டியது. அவரும் ஆண்ட நாட்டிலிருந்து வந்தவர்தான். ஆனால் தம் எண்ணம் தவறென்று தெரிந்தபோது, எண்ணத்தை மாற்றிக்கொண்டார். விவசாயியின் கதையை மாற்றவில்லை.

பார்வை மாறுவது நாட்டின் விடுதலையோடு தானாக நிகழ்ந்துவிடுவதன்று. என் நாற்காலியில் அமர்ந்து அந்த விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியவர் அயல்நாட்டு அலுவலர் அல்லர். அந்த அம்மையாரின் மொழியைப் பேசும் நான்தான்.

வாடிக்கையாளர்களுக்கு

எங்கள் பக்கம் கேட்பது கடமை. உங்கள் பக்கம் சொல்வது உதவி. கடன் கேட்டு வரும்போது, ‘தொழில்’ என்ற கட்டம் சிறியது என்பதற்காக உங்கள் தொழிலையும் சுருக்கிவிடாதீர்கள். எந்த மாதத்தில் பணம் போகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். பருவத் தொழிலுக்கு மாதத் தவணை பொருந்தாது. விளைச்சல் கைக்கு வரும் காலத்தை ஒட்டித் தவணை அமைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். சரக்கு வாங்கிய சீட்டு, குத்தகைக்குக் கொடுத்த முன்பணத்தின் இரசீது, யுபிஐ வழியாக வந்த தொகைகளின் பட்டியல், சுய உதவிக் குழுவின் கணக்குப் புத்தகம் ஆகிய எல்லாமே உங்கள் தொழிலுக்குச் சாட்சிகள். ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத மிகச் சிறிய தொழில்களையும் முறைப்படி பதிவு செய்ய 2023 முதல் ‘உத்யம் அசிஸ்ட்’ தளம் இருக்கிறது. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டம், இத்தகைய சிறு தொழில்களுக்குப் பிணையின்றிக் கடன் கொடுப்பதற்காகவே ஏற்பட்டது. கிளையில் இவற்றைப் பற்றிக் கேளுங்கள். வீட்டுப் பெண்கள் செய்யும் வியாபாரத்தை அவர்கள் பெயரிலேயே சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் அந்த அம்மையாரை நானே சொல்லி அனுப்பி வரவழைத்தேன். இம்முறை படிவத்தை என் கையால் நிரப்பினேன். எத்தனை மரம், என்ன குத்தகை, எத்தனை ஆள் கூலி, கொட்டை எடுத்த புளி என்ன விலைக்குப் போகும் என்று அவர் சொல்லச் சொல்ல, படிவத்தின் பின்பக்கமும் நிறைந்தது. எல்லாக் கணக்கும் அவர் மனத்திலேயே இருந்தது. கூட்டிப் பார்த்தபோது ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. கடன் கொடுத்தோம். பங்குனி முடிவதற்குள் அசலும் வட்டியும் கட்டிவிட்டார். கட்டிய அன்று, “போன வருசமே கொடுத்திருந்தா மேல் கூரை போட்டிருப்பேன் சார்” என்று மட்டும் சொன்னார்.

இன்றும் விண்ணப்பம் ஒன்று மேசைக்கு வந்தால், ‘தொழில்’ என்ற கட்டத்தில் எழுதியிருப்பதைப் படித்த பின், எதிரில் இருப்பவரிடம் இன்னொரு முறை கேட்டுவிடுகிறேன்.